ஏழு வருஷம் நான் விழுங்கிய வரி

போன வருஷம் ஐப்பசி மாதம், எங்கள் வயலில் விதைப்பு முடிந்த மூன்றாம் நாள் காலை, என் மனைவி புவனம் அடுப்படியில் விழுந்தாள். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை உருண்டு வாசல் வரைக்கும் போனது. அது உடையவில்லை. அவள்தான் எழும்பவில்லை. வலது கை துணி மாதிரித் தொங்கிப்போய்க் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"புவனம், என்ன செய்யுது? சொல்லு."

கண் என்னைப் பார்த்தது. சொல் வரவில்லை.

சகோதரரே, சகோதரிகளே, நான் லேசில் பயப்படுகிறவன் அல்ல. வயலுக்குள் இறங்கிய யானையை ஒற்றைத் தீப்பந்தத்தோடு துரத்தினவன். சண்டைக் காலம், வெள்ளக் காலம் எல்லாம் கண்டவன். அன்று காலை பயந்தேன். அந்தப் பயத்திலிருந்து கர்த்தர் என்னை எப்படி எடுத்துவிட்டார் என்பதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அதில் என் குற்றமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் ஆர் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வந்து மில்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றவர்களின் வயலில் உழவு மாடு பிடித்தேன். செங்கலடிச் சந்தையில் மூட்டை தூக்கினேன். இன்று இருபத்திரண்டு ஏக்கர் வயலும் ஒரு நெல்லு மில்லும் இருக்கிறது. ஒருவரும் எனக்குத் தூக்கித் தரவில்லை. எங்கள் சபைக் கட்டிடத்தின் ஓட்டுக் கூரையும் என் கையால் போட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

அன்று காலை புவனத்தை எங்கள் வான் வண்டியின் பின் சீற்றில் கிடத்தினோம். பக்கத்து வீட்டுத் தங்கமணி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நானே ஓட்டினேன். மண்டூர்த் துறைக்கு ஐந்து நிமிஷம். அங்கே ஆற்றைக் கடக்கப் பாதை இருக்கிறது. வாவியைத்தான் ஆறு என்போம். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற இரும்பு மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். அக்கரையில் இறங்கினால் பெரிய ரோட்டு. அதால் நேரே மட்டக்களப்பு ஆஸ்பத்திரி.

பாதை கரையில் நின்றது. ஒரு வான் ஏற இடமும் இருந்தது. பாதைக்காரன் என்னைக் கண்டு இரண்டு கையாலும் கூப்பிட்டான். "ஏத்துங்க மில்காரர், ஏத்துங்க! இந்தா வெளிக்கிடப் போறம்!"

பாதையின் ஓரக் கம்பியில் சாய்ந்துகொண்டு யோகன் நின்றான்.

யோகன் என் மனைவியின் ஒரே தம்பி. அவன் குடியிருப்பது அக்கரையில். வயல் இக்கரையில், எங்கள் வயல்களோடு சேர்ந்து. விதைப்புக் காலத்தில் வயல் வாடிக் குடிசையில் படுத்துவிட்டுக் காலையில் வீட்டுக்குப் போவான். அவன் நிற்கிற பாதையில் நான் ஏறுவதில்லை. ஏழு வருஷமாக அது என் சட்டம். அவன் ஏறினால் நான் அடுத்த பாதைக்குக் காத்து நிற்பேன். மழையில் நனைந்துகொண்டும் நின்றிருக்கிறேன். துறையில் எல்லோருக்கும் இது தெரியும்.

என் கால் தானாகப் பிரேக்கில் போய் நின்றது. மனைவி பின்னால் வாய் இழுத்துக் கிடக்கிறாள். என் கண்ணுக்கு அவன் முகம் மட்டும்தான் தெரிந்தது. வானைத் திருப்பினேன்.

"என்ன இது, பாதை நிக்குதே!" என்று தங்கமணி கத்தினாள்.

"அது சுணங்கும். பாலத்தால போவம்" என்றேன். அது பொய்.

வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்றி, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, பெரிய ரோட்டில் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். வழியில் இரண்டு இடத்தில் மாடு ரோட்டை மறித்தது. கோர்ன் அடித்து அடித்து என் உள்ளங்கை சிவந்துவிட்டது. இளம் வயது டொக்டர் ஒருவர், விழுந்தது எத்தனை மணிக்கு, வந்தது எத்தனை மணிக்கு என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "இன்னும் கொஞ்சம் வெள்ளன வந்திருந்தா நல்லம் ஐயா. பார்ப்பம்" என்றார்.

அந்தக் "கொஞ்சம்" எனக்குள் முள்ளாய் இறங்கியது. நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஏழு வருஷத்துக்கு முந்தி நடந்ததைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு இது விளங்காது. வயல் பரப்பைத்தான் நாங்கள் வட்டை என்போம். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விடவும், காவலைப் பார்க்கவும், மாடுகளை வெளியேற்றச் சொல்லவும் ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு ஆள் வேண்டும். விவசாயிகள் கூட்டத்தில் கை தூக்கி அவரைத் தெரிவு செய்வார்கள். வட்டை விதானை என்று பெயர். சம்பளம் பெரிதில்லை. மரியாதை பெரிது. அந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது. அதில் என்ன வெட்கம்? நான் உழைத்து வந்தவன்.

வாய்க்கால் கட்டின்மேல் மருத மரத்தடியில் கூட்டம். ஒரு பெரியவர் என் பெயரைச் சொன்னார். சனம் தலையாட்டியது. அப்போது யோகன் எழும்பினான். நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனபோது அவனுக்கு ஆறு வயது. என் தோளில் இருந்து தேர் பார்த்தவன்.

"அத்தான் நல்ல வேலைகாரன், அதில கதையில்ல" என்று தொடங்கினான். "ஆனா ஒண்டு கேக்கன். தண்ணிமுறைக் கொப்பி எழுதோணும், அரசாங்கக் கந்தோருக்குக் காயிதம் போடோணும். அத்தான்ர பேரில வாற காயிதம் எல்லாம் எங்கட அக்கா எழுதுற. கீழ ஒப்பம் மட்டும்தான் அத்தான்ர. அப்ப நாம அத்தானையா விதானையாப் போடப்போறம், அக்காவையா?"

"அக்காவையே போடுங்கடா, கூட்டத்துக்குச் சோறும் வரும்!" என்று பின்னால் இருந்து ஒருவன் கத்தினான்.

மரத்தில் இருந்த கொக்குகளும் எழும்பிப் பறக்கிற அளவுக்குச் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னபோது போட்டிக்கு நின்ற மற்ற ஆளுக்குத்தான் கூடக் கை எழும்பியது. யோகனின் கையும் அந்தப் பக்கம்.

அவன் சொன்னது உண்மை. அதுதான் தாங்க முடியாமல் போனது. புவனம் படித்த பெண். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். ஒழுங்காக எழுதத்தான் வராது. கல்யாணம் முடித்த நாளில் இருந்து என் காயிதங்களை எல்லாம் அவள்தான் எழுதினாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த விஷயம்.

வீட்டுக்கு வந்து அவள்மேல் பாய்ந்தேன். "நம்மட வீட்டுக் கதையை உன்ர தம்பிக்கு ஆரு சொன்ன?"

"அவன் நம்மட வீட்டில வளந்தவன். அவனுக்கு ஆரும் சொல்லோணுமா?" என்றாள்.

"இனி அவன்ர பேர் இந்த வீட்டில கேக்கப்படாது."

கேட்கவில்லை. ஏழு வருஷம் அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எழுதுவதற்கும் நான் அவளிடம் கொடுக்கவில்லை. மில்லில் ஒரு கிளாக்கரை வைத்துக்கொண்டேன். யோகனின் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது புவனம் ஒரு பெரிய வாளி நிறைய முறுக்குச் சுட்டு, துறையில் போகிற ஆரிடமாவது கொடுத்துவிட வைத்திருந்தாள். நான் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வயலில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தேன். அவள் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

இந்த ஏழு வருஷமும் நான் ஒரு ஞாயிறும் ஆலயம் தவறவில்லை. முன் வரிசையில்தான் இருப்பேன். கர்த்தர் படிப்பித்த ஜெபத்தைச் சபையார் சேர்ந்து சொல்லும்போது என் சத்தம்தான் பெரிது. ஆனால் மற்றவர்களை நாங்கள் மன்னிப்பதைப் பற்றி ஒரு வரி வரும் அல்லவா, அந்த இடத்தில் எனக்கு ஒரு இருமல் வரும். இருமி முடித்து அடுத்த வரியில் ஏறிக்கொள்வேன். பொய்யாக அந்த வரியைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. உண்மையாகச் சொல்லவும் முடியவில்லை. ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் புவனம் எல்லாவற்றையும் கேட்டாள். விளங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. நான் ஜெபித்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். "ஆண்டவரே, உம்முடைய வீட்டுக்கு ஓடு போட்டவன் நான். உம்மிடம் இதுவரைக்கும் ஒன்றும் கேட்டதில்லை. ஒரு சொல். ஒரே ஒரு சொல்லை அவள் வாயில் தாரும்." கூலி கேட்கிற மாதிரித்தான் கேட்டேன். பதில் வரவில்லை. ஒரு நாள் போனது, ஐந்து நாள் போனது. ஏழு வருஷமாக ஒரு பெயரைச் சொல்லவிடாமல் அவளைத் தடுத்தேன். இப்போது எந்தப் பெயரும் அவள் வாயில் இல்லை.

ஆறாம் நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒன்று வந்தது. மெல்லிய பிள்ளை, நல்ல பொறுமை.

"ஐயா, புதுசா ஒரு சொல்லைத் தேடி எடுக்கிறதுதான் இவங்களுக்குக் கஷ்டம். கனகாலமாப் பாடமானது சிலநேரம் தானா வரும். பாட்டு, ஜெபம், அப்பிடி என்ன தெரியும் இவங்களுக்கு?"

"கர்த்தர் படிப்பிச்ச ஜெபம் தெரியும்" என்றேன்.

"அப்ப நீங்க மெதுவா, ஆறுதலாச் சொல்லுங்க. உங்கட வாயைப் பார்த்து அவங்களும் வரட்டும்."

புவனத்தின் முன்னால் கதிரையைப் போட்டு இருந்து தொடங்கினேன். என் சத்தம் சபையில் பெரியது. அங்கே அது தாழ்ந்துதான் வந்தது. அவள் கண் என் வாயில். அவள் உதடு அசைந்தது! சத்தம் இல்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தது. அன்றாட ஆகாரத்தைக் கேட்கிற இடம் வரைக்கும் என்னோடு வந்தாள். அடுத்த வரியில் எனக்குப் பழகிய இருமல் வந்தது. இருமிவிட்டு அதற்கு அடுத்ததுக்குத் தாவினேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பத் தொடக்கத்தில் இருந்து சொன்னேன். அதே இடம் வரைக்கும் வந்தாள். அதே இடத்தில் மூடினாள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை யோசித்துவிட்டுக் கேட்டது. "ஏன் ஐயா ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில நிக்கிறாங்க?"

"அவளுக்கு ஞாபகம் இல்லையாக்கும்" என்றேன்.

புவனம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். இடது கையைத் தூக்கி என் உதட்டில் விரலை வைத்தாள். என்னைப் பேச வேண்டாம் என்று வைத்த விரல் அல்ல அது. சொல்லு என்று தட்டிய விரல்.

அப்போதுதான் விளங்கியது. ஏழு வருஷமாக ஆலயத்தில் என் பக்கத்தில் நின்றவள் அவள். என் இருமல் அவளுக்குத் தெரியும். நான் நிற்கிற இடத்தில்தான் அவளும் நிற்கிறாள். நான் அந்த வரியைக் கடக்காவிட்டால் அவளாலும் கடக்க முடியாது.

பார்வை நேரம் முடிந்து வெளியே வந்து, ஆஸ்பத்திரி வளவில் ஒரு வாங்குப் பலகையில் இருந்தேன். சனம் போய்க்கொண்டிருந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். என் தகப்பனின் சாவுக்குப் பிறகு அழுதது அன்றுதான். இந்த முறை ஓட்டுக் கூரையைப் பற்றிக் கர்த்தரிடம் பேசவில்லை. "எனக்கு எல்லா வேலையும் தெரியும் ஆண்டவரே. இது தெரியாது. இதை நீர்தான் செய்ய வேண்டும்" என்றேன். அவ்வளவுதான். அதற்குமேல் ஜெபிக்க எனக்கு வரவில்லை.

கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது என் மகள் சோற்றுப் பையோடு முன்னால் நிற்கிறாள். மட்டக்களப்பில் வேலை செய்கிறவள். தாயோடு ஆஸ்பத்திரி வாட்டில் தங்கி நின்றவள் அவள்தான்.

"அப்பா, ஒண்டு சொல்லுவன். ஏசப்படாது."

"சொல்லு."

"மாமா ஒவ்வொரு நாளும் வாறார். ஆஸ்பத்திரி வாசல் கேற்றடியில நிக்கிறார். நீங்க ஏசுவீங்க எண்டு உள்ள வரல்ல. இப்பவும் நிக்கிறார்."

நான் இதைத் தற்செயல் என்று சொல்லமாட்டேன். சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். நான் கண்ணைத் திறந்த நேரம் பதில் கேற்றடியில் நின்றது.

எழும்பிப் போனேன். நூறு அடி இருக்காது. மூட்டை தூக்கிய காலத்தில்கூட அந்த நூறு அடி மாதிரி ஒரு தூரத்தை நான் நடந்ததில்லை. யோகன் மதிலோரம் ஒரு தோடம்பழப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலை நரைத்திருந்தது. ஏழு வருஷம் தூரத்தில் இருந்தே பார்த்ததில் அது எனக்குத் தெரியவில்லை. என்னைக் கண்டதும் பையை மதில்மேல் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"டேய், எங்க போற?"

"போறன் அத்தான். அக்காவுக்கு எப்பிடி எண்டு கேக்கத்தான் வந்த."

"எத்தினை நாளா வாறாய்?"

"முதல் நாளில இருந்து." பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "அண்டைக்குப் பாதையில நிண்டு உங்கட வானைக் கண்டன். திரும்பிப் போச்சு. அக்கா உள்ள கிடக்கிறா எண்டு தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் ஆத்தில குதிச்சிருப்பன் அத்தான். நீங்க ஏறியிருப்பீங்க."

சகோதரரே, அவன் அதைக் குத்திச் சொல்லவில்லை. அழுதுகொண்டு சொன்னான். எனக்கு மதிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் மனுஷனுடைய பெருமை லேசில் சாகாது. அவன் மன்னிப்புக் கேட்பான் என்று காத்து நின்றேன். கேட்கவில்லை. நானே பேச்சை எடுத்தேன்.

"அண்டைக்குக் கூட்டத்தில நீ கதைச்ச கதை..."

"நான் சொன்னது பொய்யா அத்தான்?"

ஏழு வருஷக் கோபத்தையும் விழுங்கினேன். "பொய் இல்ல" என்றேன். "நான் உன்னை மன்னிச்சிட்டன்."

"நான் கேக்கல்லயே."

"நீ கேக்காட்டியும் மன்னிச்சிட்டன். நான் ஒண்டைச் செய்ய நினைச்சாச் செய்திருவன், உனக்குத் தெரியும்தானே?"

அவன் கண்ணீரோடு சிரித்துவிட்டான். "அது தெரியும் அத்தான்."

"பையை எடு. வா உள்ள."

வாயிற்காவலரிடம் நான் கெஞ்சினேன். நான்! பத்து நிமிஷம் தந்தார். தம்பியைக் கண்டதும் புவனத்தின் கண்ணில் இருந்து தண்ணீர் ஓடியது. அவன் கட்டிலடியில் நிலத்தில் இருந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "நம்மட முருகனுக்கு நேர்ந்திருக்கன் அக்கா. எழும்புவீங்க" என்றான். அவன் நம் விசுவாசத்தில் இல்லை, பிறந்த வீட்டுச் சைவத்திலேயே நிற்கிறவன். இன்னொரு நாள் என்றால் அதற்கு ஒரு பிரசங்கமே வைத்திருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பிறகு அவன் தன் பழைய குணத்தைக் காட்டினான்.

"அக்கா, கெதியா வீட்டுக்கு வாங்க. அத்தான்ர மில் வாசலில ஒரு காயிதம் ஒட்டியிருக்கு. மில் பூட்டு எண்டு. கிளாக்கர் லீவு போல, அத்தானே தன்ர கையால எழுதியிருக்கார். கோழி கிண்டின மாதிரி. சனத்துக்கு ஒண்டும் விளங்காம நெல்லுமூட்டையோட குந்திக்கொண்டு இரிக்கு!"

என் காது சூடாகியது. அதே கதை! ஏழு வருஷத்துக்கு முந்திச் சொன்ன அதே கதை. கேற்றடியில் மன்னித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. என் கை தானாக மூடியது. அவனை எழுப்பி வெளியே தள்ள ஒரு அடி எடுத்து வைத்தும் விட்டேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

புவனம் சிரித்தாள்.

வாய் கோணித்தான் இருந்தது. வயிறு குலுங்கியது. சத்தம் கரகரவென்று வந்தது. ஆனால் அது அவளுடைய சத்தம். பக்கத்துக் கட்டில் அம்மா எழும்பிப் பார்த்தார். தாதி ஓடி வந்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எந்தக் கதைக்காக நான் ஏழு வருஷம் ஒரு பாதையில் ஏறாமல் இருந்தேனோ, அந்தக் கதையைக் கொண்டுதான் கர்த்தர் என் மனைவியின் தொண்டையைத் திறந்தார். மூடிய என் கை தானாக விரிந்தது.

"என்னடா பிழை அதில?" என்று யோகனைக் கேட்டேன். "நல்ல வடிவாத்தானே எழுதின!"

அவள் இன்னும் கூடச் சிரித்தாள்.

அடுத்த நாள் காலை நான் கதிரையைப் போட்டு இருந்தேன். ஆகாரத்தைக் கேட்கிற வரி முடிந்தது. இருமல் வரவில்லை. அந்த வரியைச் சொன்னேன், சொல் சொல்லாக, ஆறுதலாக. ஏழு வருஷத்துக்குப் பிறகு என் நாக்கில் அது புதுச் சொல் மாதிரி இருந்தது. புவனத்தின் உதடு என்னோடு வந்தது. அந்த வரியின் நடுவில் காற்றோடு சேர்ந்து ஒரு சொல் வெளியே வந்தது. "மன்னி..." மிச்சப் பாதி வரவில்லை. பேச்சுப் பயிற்சிப் பிள்ளை கொப்பியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டியது. ஒரே ஒரு சொல்தான் நான் கேட்டிருந்தேன். எந்தச் சொல்லைத் தந்தார் என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகும் பயிற்சி நிற்கவில்லை. எழுத்து அட்டைகள் தந்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும், அவள் சொல்ல வேண்டும், இடது கையால் எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் நானும் ஒரு கொப்பி வாங்கிவிட்டேன். அறுபத்தாறு வயதில்! அவள் இடது கையால் கோணல் மாணலாக எழுதுவாள், நான் வலது கையால் அதைவிடக் கோணலாக எழுதுவேன். யோகன் வாத்தியார் மாதிரி வந்து இரண்டு கொப்பியையும் பார்த்து அக்காவுக்குத்தான் கூடப் புள்ளி போடுவான்.

ஒரு பாரம் மட்டும் என்னிடம் மிச்சம் இருந்தது. யோகன் எனக்குச் செய்ததை நான் மன்னித்துவிட்டேன். புவனத்துக்கு நான் செய்ததை? அந்தப் பாதை, அந்தப் பாலம், அந்தக் "கொஞ்சம்". அன்று பாதையில் போயிருந்தால் அவள் கை இப்போது நல்லாய் இருந்திருக்குமா? டொக்டரிடம் பிறகு கேட்டேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது ஐயா என்றார். எனக்கும் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்.

மாசியில் அறுவடை முடிந்த ஒரு பின்னேரம், முற்றத்து வேம்பின் கீழ் கொப்பிகளோடு இருந்தோம். நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"புவனம், ஒண்டு சொல்லோணும். அண்டைக்குப் பாதை நிண்டது. இடமும் இருந்தது. யோகன் நிண்டான் எண்டுதான் வானைத் திருப்பின. தங்கமணிக்குச் சுணங்கும் எண்டு சொன்னது பொய். உன்னைப் பின்னால போட்டுக்கொண்டு அப்பிடிச் செய்தனான். முறுக்கு வாளியும் அப்பிடித்தான். எழுத்தை உன்னட்ட இருந்து பறிச்சதும் அப்பிடித்தான். என்னை மன்னிப்பியா?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லைத் தேடினாள். அவள் தேடும்போது இடையில் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"தெ...ரி...யும்" என்றாள்.

வானுக்குள் அவள் கண் மூடவில்லை. பாதையையும் கண்டிருக்கிறாள், தம்பியையும் கண்டிருக்கிறாள், வான் திரும்பியதையும் கண்டிருக்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஆஸ்பத்திரியில் என் உதட்டில் விரலை வைத்தாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு பின்னேரமும் என் எழுத்தைத் திருத்தினாள். நான் கேட்பதற்கு முந்தியே எனக்குத் தந்துவிட்டாள்.

கீழே கிடந்த பேனையை இடது கையால் எடுத்து என் கையில் வைத்தாள்.

"எழு...துங்க."

அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் வாசிக்கிற இந்தச் சாட்சி கிளாக்கர் எழுதியதல்ல. என் சொந்தக் கையெழுத்து. பதினாறு நாள் எடுத்தது. பிழை திருத்தியது புவனம்.

ஒரு தரம் மன்னித்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வயலில் களை எடுப்பது மாதிரித்தான் இது. பங்குனியில் சிறுபோக விதைப்புக்கு வட்டைக் கூட்டம் வைத்தார்கள். விதானைக்கு என்னைக் கேட்டார்கள். நான் யோகனின் பெயரைச் சொன்னேன். அவனுக்காக முதலில் எழும்பிய கை என்னுடையது. எல்லோரும் கண்டார்கள். இப்போது அவன் விதானை. அத்தான் என்று பாரபட்சம் காட்டினான் என்ற பேர் வரக்கூடாதாம், என் வயலுக்குக் கடைசி முறையில்தான் தண்ணீர் விடுகிறான். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. ஒவ்வொரு முறையும் வாய்க்கால் கட்டில் நின்று மன்னிக்கிறேன். பிறகு இரண்டு பேரும் ஒரே பாதையில் ஏறி அக்கரைக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்கிறோம்.

இதை வாசிக்கிற உங்களில் ஆருக்காவது ஜெபத்தில் அந்த இடத்தில் இருமல் வருகிறதா? எனக்குத் தெரியும், வரும். உங்களுக்கும் ஒரு பெயர் இருக்கும். வீட்டில் சொல்லக் கூடாத பெயர். எதிரில் வந்தால் வண்டியைத் திருப்ப வைக்கிற முகம். அந்த ஆள் மன்னிப்புக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். என் மச்சினன் இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. உங்களால் முடியாது என்றால், முடியாது என்றே கர்த்தரிடம் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்த பதில்களில் பெரியது அந்த ஜெபத்துக்குத்தான் கிடைத்தது. பிறகு கண்ணைத் திறந்து கேற்றடியைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புவனம் ஊன்றுகோலோடு என் பக்கத்தில் நிற்கிறாள். ஜெபம் தொடங்கும். அந்த வரி வந்ததும் அவளுக்குச் சொல் பிந்தும். சபை முன்னே போய்விடும். நான் அவளோடு நின்று, அவள் முடிக்கும்வரை சேர்ந்து சொல்கிறேன். எல்லோரும் ஆமென் சொன்ன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் அந்த வரியில்தான் நிற்கிறோம்.